எந்தத் தம்ளர் என்று நாம் கேட்கவில்லை

மாவுருண்டைக்கு அளவு கேட்டு ஒரு ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் அம்மா கேட்டது: "ஏன்யா, அவளுக்கு மேலுக்கு முடியலையா?"

என் மனைவி நன்றாகத்தான் இருந்தாள். மார்ச் கடைசி, வங்கி வேலை, வீடு திரும்ப ஒன்பதரை ஆகும் என்று சொல்லியிருந்தாள். நாலாம் வகுப்பு படிக்கும் மகளின் டைரியில், நாளைக்கு வீட்டில் செய்த தின்பண்டம் மட்டும் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். அலமாரியைத் திறந்தேன். மூன்று தினுசு பிஸ்கட், சிப்ஸ், ஒரு கேக் பாக்கெட், கோவில்பட்டியிலிருந்து யாரோ வாங்கி வந்த கடலைமிட்டாய். வீட்டில் செய்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. "அப்பா, மிட்டாயைப் பிரிச்சு டப்பால போட்டுட்டா தெரியாதுல்ல?" என்று மகள் கேட்டாள். பத்து வயசுப் பிள்ளைக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. போன தீபாவளிக்குக் கடை அதிரசத்தை எவர்சில்வர் தூக்கில் மாற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது நாங்கள்தான்.

ஆம்பிளை அளவு கேட்டால் வீட்டில் பொம்பிளை படுத்திருக்க வேண்டும். அம்மா ஐம்பது வருஷம் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு அது. தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு அளவைச் சொன்னாள். "ஆச்சி தம்ளருக்கு ரெண்டு தம்ளர் பொரிகடலை. உழக்குக்கு ஒண்ணு சீனி. நெய் குழிக்கரண்டிக்கு ஒண்ணரை, இல்லைன்னா பிடிபடுத வரைக்கும்."

தம்ளர், உழக்கு, குழிக்கரண்டி. எந்தத் தம்ளர் என்று கேட்டேன். "ஆச்சி தம்ளருதான்யா, அது ஒண்ணுதானே இருந்துச்சு" என்றாள்.

அந்த மூன்றும் எங்கள் வீட்டில் ஒன்றுக்கொன்று பழகிய சாமான்கள். ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டின் கணக்கும் உதவாது. பித்தளை உழக்கைத் தொலைத்தது நான். ஆறாம் வகுப்பு லீவில், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்த வண்டிக்காரரிடம் போட்டுவிட்டு, இரண்டு கை நிறையப் பழம் வாங்கித் தின்றேன். ஆச்சி அடிக்கவில்லை. தம்ளர் இருக்கே, பாத்துக்கிடலாம் என்று விட்டுவிட்டாள். அவள் போன பிறகு பாகம் பிரித்தபோது அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் சித்தப்பாமாரும் அத்தைமாரும் முகம் சுளித்து நின்றார்கள். தம்ளர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே நானும் நின்றேன்.

என் வீட்டுக் கதை இது. நாம் என்று எழுதக் காரணம், எனக்குத் தெரிந்த பத்து வீட்டில் எட்டு வீட்டுக் கதையும் இதுதான். ஊரில் பிறந்து, படித்து, பட்டணத்துக்கு வேலைக்கு வந்து, இப்போது நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நிற்கும் நம் தலைமுறை. நம் அம்மாமாருக்குச் செய்யத் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தின்னத் தெரியும். நடுவில் இருந்து சரக்கைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். கொடுக்கவில்லை.

பெரிய பலகாரங்களை நாம் விட்டுவிட்டோம் என்பதல்ல என் வருத்தம். அதிரசத்துக்கு அரிசி ஊற வேண்டும், ஈரமாக இடிக்க வேண்டும், பாகு பார்த்து மாவைக் கிளறி ஓரிரு நாள் வைக்க வேண்டும். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயற்றை வறுத்து, திரித்து, பாகில் உருட்டி, மேல்மாவில் முக்கிப் பொரிக்க வேண்டும். (பெயரில்தான் முந்திரி.) வேலைக்குப் போகும் வீடு இதையெல்லாம் கடையில் வாங்கினால் நியாயம்தான். நாம் விட்டது இவற்றோடு நிற்கவில்லை. கால் மணியில் முடிகிற பண்டங்களையும் சேர்த்து விட்டோம். அவலைத் தண்ணீரில் அலசி, வெல்லமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது. வறுத்த எள்ளை வெல்லத்தோடு இடித்தால் அதன் எண்ணெயிலேயே உருண்டை பிடிபடும், பாகே வேண்டாம். ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரி பத்து நாள் மூட்டையாகக் கிடந்து, நமுத்துப்போய், குப்பைக்குப் போகிறது. பூஜை முடிந்த மறுநாள் அதைச் சட்டியில் போட்டுப் புரட்டி, வெல்லப்பாகு ஊற்றி உருட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு வாரத் தீனி. உருட்டுகிறோமா?

நேரமில்லை என்கிறோம். அன்று ராத்திரி நான் கடிகாரம் பார்த்துச் செய்தேன். தம்ளர் இல்லாததால் தராசை எடுத்தேன். என் மனைவி உடம்பைக் குறைக்க வாங்கி, இரண்டு மாதம் ஓட்ஸ் நிறுத்துவிட்டு, மேல் தட்டில் ஏற்றிவைத்த சமையலறைத் தராசு. பொட்டுக்கடலை 200 கிராம். வெறும் சட்டியில் இரண்டு நிமிஷம் சூடு பண்ணினேன், நிறம் மாறாமல். சீனி 100 கிராம், ஏலக்காய் மூன்று. தனித்தனியாக மிக்ஸியில் திரித்து, சலித்து, கலந்தேன். நெய்யை உருக்கி 60 மில்லி ஊற்றிப் பிடித்தேன். உள்ளங்கையில் உருண்டையாகத்தான் இருந்தது. தட்டில் வைத்ததும் ஆற்று மணல் மாதிரி சரிந்தது. மகள் ஒன்றும் பேசாமல் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பார்த்தாள்.

மறுபடியும் அம்மா. "நெய் ஆறிப்போச்சா?" ஆறித்தான் போயிருந்தது. "நெய் ஆறுச்சுன்னா மாவு பிடிக்காதுய்யா. மொத்தமா ஊத்தாத. ஒரு ஓரமா குழிச்சு, சுடச் சுட ஊத்தி, அந்த ஓரத்தை மட்டும் பிசைஞ்சு ரெண்டு உருண்டை பிடி. அப்புறம் அடுத்த ஓரம். பிடிச்சா பிடிபடணும், விரலால தட்டினா உதிரணும். அதான் பதம்." இதில் உள்ள விஷயம் எளிது. மாவையும் சீனியையும் ஒட்டவைக்க அங்கே தண்ணீரும் இல்லை, பாகும் இல்லை. நெய் ஒன்றுதான் ஆதாரம். சூட்டில் இளகி மாவின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்த நெய், ஆறியதும் உறைந்து பிடித்துக்கொள்கிறது. நான் ஆறவைத்து ஊற்றியதால் அது உள்ளே புகவே இல்லை. இன்னும் 20 மில்லி சூடாக ஊற்றினேன். பதினெட்டு உருண்டை வந்தது. முதலில் சரிந்ததையும் சேர்த்து மொத்த நேரம் முப்பத்திரண்டு நிமிஷம். சரியாமல் செய்திருந்தால் இருபதுக்குள் முடிந்திருக்கும். கடைப்பையன் வண்டியில் எங்கே வருகிறான் என்று செல்போன் வரைபடத்தில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டு அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறோம், நாம் எல்லோரும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், இதுபற்றி நாம் பேசுவதே இல்லை. எங்கள் தெருக் கடை விலைக்கு அன்றைய கடலை, சீனி, நெய், ஏலக்காய் எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றைந்து ரூபாய்க்குள் அடங்கியது. நெய்தான் அதில் பாதிக்கு மேல் தின்றது. ஒரு உருண்டை ஐந்து ரூபாய்ச் சொச்சம். நிலக்கடலை உருண்டைக்கு நெய் வேண்டாம். கால் கிலோ கடலை, 150 கிராம் வெல்லம், ஐம்பது ரூபாய்க்கு இருபது உருண்டை. ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் காற்றுப் போக ஒரு பிடிகூடத் தேறாது. விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அதைப் பற்றிச் சலித்துக்கொள்கிறோம், அடுத்த மாதச் சாமான் பட்டியலில் அதையே எழுதுகிறோம்.

அடுத்த சாக்கு, பிள்ளைகள் இதையெல்லாம் தின்னாது என்பது. பல் முளைக்கும் முன்னே பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டியவர்கள் நாம். அழுதால் பாக்கெட், பரீட்சையில் மார்க் வாங்கினால் பாக்கெட், ஊசி போட்டால் பாக்கெட். அந்த நாக்கு வேறு எதைக் கேட்கும்? பாக்கெட்டின் பின்பக்கத்தை நாம் படிப்பதும் இல்லை. அதிலுள்ள சேர்மானங்களை எடையில் கூடியது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முன்பக்கத்தில் பாதாமும் தேனும் படமாக மின்னும். பின்பக்கத்தில் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கி, பாதாம் கடைசி வரிக்குப் பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் ஆயிரம் பக்க ஒப்பந்தம் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இந்த நாலு வரி மட்டும் நம் கண்ணில் படுவதில்லை.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனிகளைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. பெட்டிக்கடைக்காரர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கலாம். நாமோ காலை ஏழரைக்கு அதே பண்டத்தைப் பிள்ளையின் பைக்குள் வைத்து, கோட்டைத் தாண்டி, வகுப்பு பெஞ்சு வரை அனுப்பிவைக்கிறோம். அதே 2020இல்தான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தியைப் பார்த்ததும் நம் ஊர்ப் பெருமை என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாத தெற்கத்தியான் உண்டா? நானும் பதினோரு குழுவுக்கு அனுப்பினேன். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த மளிகைப் பையில் நிலக்கடலை இல்லை, வெல்லம் இல்லை.

ஆண்கள் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். சம்பளம் வந்தது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் நின்று செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொண்டிருந்தால் பலகாரச் சம்படம் காலியாகியிருக்காது. நாம் எடுக்கவில்லை. அந்தக் காலத்துத் தின்பண்டம் மாதிரி வருமா என்று சோபாவில் சாய்ந்தபடி பெருமூச்சு மட்டும் விட்டோம். அந்தப் பெருமூச்சு வீட்டுக்காரியைக் குற்றம் சொல்லும் நாசூக்கான வழி என்று நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆச்சி ஆசை ஆசையாகச் செய்து போட்டாள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அவள் ஆசையாகத்தான் செய்தாளா, இடுப்பு நோகச் செய்தாளா என்று நம்மில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் செய்தது இன்னும் மோசம். பாட்டி கைமணம் என்று எத்தனை தீபாவளி மலர்களை நிரப்பியிருக்கிறோம். நானே இரண்டு முறை எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் விறகடுப்புப் புகை வரும், ஆச்சியின் பாம்படம் ஆடும், உரலில் உலக்கை விழும் ஓசை கேட்கும். வெல்லம் எத்தனை கிராம் என்பது வராது. எழுதும்போது எனக்கே அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' புத்தகத்தை அளவு போட்டு, செய்முறை பிரித்துக் கொண்டுவந்தார். இன்றும் அதைப் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தபந்தத்தில் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அதில் பிறந்தது அந்தப் புத்தகம். நம் ஆச்சிமாருக்கும் சொல்ல இருந்தது. கேட்க ஆள்தான் இல்லை. தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போனோம், பிறகு படிக்கப் போனோம், பிறகு ஊரைவிட்டே போனோம்.

கேட்காமல் விட்டதன் நஷ்டம், மறு ஞாயிற்றுக்கிழமை கடலை உருண்டை செய்தபோது தெரிந்தது. மாவுருண்டையில் ஜெயித்த மிதப்பு எனக்கு. நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்தாயிற்று. வெல்லத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, அடுப்பில் வைத்தேன். வடிகட்டியில் மண்ணும் கரும்புச் சக்கையும் நின்றன. பாகு நுரைத்துப் பொங்கியது. கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்பது நினைவிருந்தது. சொட்டு கரையாமல் நின்றது, விரலில் உருண்டது. மெத்தென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று நினைத்த நேரத்தில் காலிங்பெல் அடித்தது. கூரியர்காரர். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து கடலையைக் கொட்டிக் கிளறினேன். மூன்று உருண்டை பிடித்தேன். நாலாவதற்குக் கை போகவில்லை. வாணலியும் கடலையும் கரண்டியும் ஒரே கல்.

பாகில் நடப்பது இதுதான். தண்ணீர் ஆவியாகப் போகப் போக இனிப்பின் செறிவு ஏறுகிறது, கூடவே கொதிக்கும் சூடும் நூறைத் தாண்டி ஏறுகிறது. சர்க்கரைப் பாகு 115 டிகிரியை ஒட்டியிருந்தால் ஆறியதும் உருட்ட வரும். 150ஐ ஒட்டினால் ஆறியதும் கண்ணாடி மாதிரி உடையும். கடலைமிட்டாய்க்காரர்கள் தேடுவது அந்தக் கெட்டிப் பதத்தை. சொட்டு ஆறி, தட்டில் போட்டால் டங் என்று கேட்க வேண்டும். வீட்டு உருண்டைக்கு அதற்குச் சற்று முன்னால் இறக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டுச் சின்ன வாணலியில் இந்த இரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு கூரியர் கையெழுத்து நேரம். ஆச்சியிடம் தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு கிண்ணம் தண்ணீரும் விரலும் இருந்தன. கையில் அரிசிமாவு தடவிக்கொண்டு, சுடச் சுட, ஒரு வாணலிக் கடலையையும் உருட்டி முடிக்க அவளுக்கு நாலைந்து நிமிஷம். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். கிழவிக்குத் திமிர் என்று தாத்தா சொல்வார்.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்குகிறது. கடலையை வறுக்கும் முன் ஆச்சி சுளகில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் வெளியே போகும். நல்ல கடலையையும் சேர்த்துக் கழிக்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. சொல் தெரியாமல் அவள் செய்த காரியம் அது. நாம் சொல்லைப் படித்துக்கொண்டோம், பொறுக்குவதை விட்டுவிட்டோம்.

இவ்வளவு சொன்ன பிறகு, வீட்டுத் தின்பண்டம் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெல்லமும் சர்க்கரைதான். இப்படிக் கலக்கும் சர்க்கரை ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஐந்து சதவீதம் என்பது வளர்ந்த ஆளுக்கே ஏறக்குறைய 25 கிராம். என் கடலை உருண்டை ஒன்றில் ஏழரை கிராம் வெல்லம் இருக்கிறது. நாலு தின்றால் கணக்கு தாண்டிவிடும். பாரம்பரியம் என்று பெயர் சொல்லி டப்பாவைக் காலி செய்வதும் அலட்சியத்தில்தான் சேரும். ஆனால் எவ்வளவு போட்டேன் என்று எனக்குத் தெரியும், அடுத்த முறை குறைக்கவும் என்னால் முடியும். சின்னப்பிள்ளை இருக்கும் வீட்டில் முழுக்கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பொடித்துக் கொடுங்கள்.

மாவுருண்டை செய்த மறுநாள் பள்ளியிலிருந்து மகளின் டப்பா காலியாக வந்தது. யாருக்கெல்லாம் கொடுத்தாய் என்றேன். எட்டுப் பேருக்கு. நன்றாக இருந்தது என்றார்களா? "ரெண்டு பேரு சொன்னாங்க. ஒருத்தன், இது எந்தக் கடைன்னு கேட்டான்" என்றாள். நீ என்ன சொன்னாய்? "எங்க அப்பா கடைன்னு சொன்னேன்."

மாவுருண்டைக் குறிப்பை அரிசி டின்னுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்: பொட்டுக்கடலை 200 கிராம், சீனி 100 கிராம், ஏலக்காய் 3, நெய் 80 மில்லி, சுடச் சுட, ஓரம் ஓரமாக. எள்ளுருண்டைக்கும் பொரிவிளங்காய்க்கும் அம்மாவிடம் இன்னும் கேட்க வேண்டும். அவளுக்கு எழுபத்தாறு. உங்கள் வீட்டிலும் கேட்க ஆள் இருந்தால் இந்த வாரமே போன் போடுங்கள். அளவு சொல்வார்கள். எந்தத் தம்ளர் என்றும் கேட்டு, அதைக் கொண்டுவரச் செய்து, நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.